சித்தி தொட்டால் பாடும் பெட்டி

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் நேராகக் கேட்டதில்லை. ஜன்னலை மூட வேண்டுமென்றால் "வெளியில தூசி பறக்குது" என்று காற்றிடம் சொல்வோம். கோபம் வந்தால் பாத்திரம் பேசும். பாசம் வந்தால் போர்வையை இழுத்து மூடிவிட்டு, "காலை இப்படித் திறந்து போட்டா கொசு கடிக்காம என்ன செய்யும்" என்று திட்டுவோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது எங்களுக்குப் பரம்பரை வித்தை.

அதனால்தான் சித்தி பெட்டியைக் கீழே இறக்கித் துணிகளை அடுக்கத் தொடங்கியபோது, "போகாதே" என்று சொல்வதற்குப் பதிலாகத் தம்பிக்குப் போன் செய்தேன். "டேய், கட்டிலுக்கு அடியில போட்டு வெச்சிருக்கியே, அப்பாவோட ஸ்டீரியோ, அதைத் தூக்கிட்டு வா" என்றேன்.

"எதுக்குக்கா?"

"கேள்வி கேக்காதே. தூக்கிட்டு வா."

சித்தி என் அம்மாவின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எப்ப பாத்தாலும் லைன் பிஸி" என்பாள். எனக்கு மகள் பிறந்தபோது, நான் விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் நிற்க வேண்டிய விளையாட்டு ஆசிரியை, குழந்தையை யார் பார்ப்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் கேட்கவில்லை. "இந்தக் காலத்துல நம்பி விட ஆள் கிடைக்கறதில்ல" என்று போனில் பொதுவாகச் சொன்னேன். மறுமாதம் சித்தி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இதே பெட்டியோடு வந்து நின்றாள். அன்றிலிருந்து என் மகளுக்குப் பல் விளக்கிவிட்டது, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது, முதல் காதல் தோல்விக்கு விடிய விடிய உட்கார்ந்து ஆறுதல் சொன்னது எல்லாம் அவள்தான்.

போன மாதம் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனாள். அவளுடைய அறையைக் கூட்டித் துடைத்து, ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் சித்தி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். "பாப்பா, ஒரு முதியோர் இல்லத்துல எனக்கு ரூம் சொல்லியிருக்கேன். வர்ற திங்கட்கிழமை போறேன்."

பாப்பா என்பது நான். ஐம்பதைத் தாண்டிய பாப்பா.

"ஏன், இங்க என்ன குறைச்சல்?" என்றேன். என் வாயிலிருந்து அது சண்டைக்கு இழுப்பது போலத்தான் வந்தது.

"குறைச்சல் ஒண்ணுமில்ல. குழந்தை வளந்துட்டா. இனிமே இங்க எனக்கு என்ன வேலை?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. நானூறு பிள்ளைகள் ஓடுகிற மைதானத்தை ஒரே அதட்டலில் நிறுத்துகிற தொண்டை எனக்கு. அது அன்று வேலை செய்யவில்லை.

ஸ்டீரியோவைக் கொண்டுவரச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெட்டி சித்தி தொட்டால்தான் பாடும்.

அப்பா மின்மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் தொழிலாளி. ஆலையில் மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடமிருந்து அந்த ஸ்டீரியோ ரேடியோவை வாங்கி வந்தார். மரக்கூடு, வெள்ளி நிற முகப்பு, உள்ளங்கை நிறையப் பிடித்துத் திருப்புகிற குமிழ். அந்தக் குமிழை ஒருமுறை சுண்டிவிட்டால் முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தானே வழுக்கிக்கொண்டு போகும். சுண்டிவிட்டால் முதுகில் அடி விழும் என்பதும் அதோடு சேர்ந்த விதி. விளக்கணைத்து அதைப் போட்டால் அலைவரிசைப் பலகை நீலமாக ஒளிரும். நாங்கள் பிள்ளைகள் நிலையங்களை மறந்துவிட்டு அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பின்பக்கம் ஒரு கீலில் ஆடுகிற கறுப்புக் குச்சி ஒன்று இருந்தது. கரிக்கட்டை போல இருந்ததால் வீட்டில் அதற்குக் கரிக்கட்டை என்றே பெயர். அதுதான் ஏ.எம். நிலையங்களைப் பிடிக்கிற ஏரியல். எஃப்.எம்.மில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு நிலையம். அதில் எப்போது போட்டாலும் யாரோ வயலினை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஏ.எம்.மில்தான் இருந்தது. செய்தி, பந்தாட்ட வர்ணனை, எல்லாவற்றுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை மத்தியான நாடகம். அப்பா வாரம் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு அந்த நாடகத்துக்கு மட்டும் வாய்விட்டு அழுவார், சிரிப்பார்.

சித்திக்கு எங்கள் ஊரில் வேலை கிடைத்தபோது, விடுதியில் அறை காலியாகும் வரை என்று சொல்லித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு அறை வீடு. காலையில் குளியலறைக்கு வரிசை. அப்பா சித்தியிடம் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. கதவுக்கு வெளியே நின்று கனைப்பார், அவ்வளவுதான். அம்மாவிடம் மட்டும், "விடுதியில எப்போ சொல்றாங்களாம்?" என்று அவ்வப்போது கேட்பார். விடுதியில் அறை காலியாகிவிட்டது என்று தகவல் வந்த வாரம்தான் ரேடியோ ஊமையானது. எஃப்.எம்.மில் வயலின் மட்டும் இழுத்தது. ஏ.எம்.மில் வெறும் இரைச்சல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாடகத்துக்கு நேரமாகிவிட்டது. அப்பா பெட்டியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கரிக்கட்டையை நிமிர்த்தினார், படுக்க வைத்தார். அம்மா சமையலறையிலிருந்து, "நீ கொஞ்சம் பின்னாடி என்னன்னு பாரேன்டி" என்று தங்கையிடம் சொன்னாள். சித்தி பின்னால் போய்க் குனிந்து ஏதோ ஒரு திருகில் விரலை வைத்ததும், கதாநாயகியின் அழுகுரல் வீடு முழுக்கப் பாய்ந்தது. விரலை எடுத்தாள், இரைச்சல். வைத்தாள், அழுகை.

"பாத்தீங்களா, இவ கை பட்டாத்தான் பேசுது" என்றாள் அம்மா.

நாங்கள் தொடப் போனோம். சின்னப் பிள்ளைகள் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று அம்மா விரட்டிவிட்டாள். அப்பாவும் ஒருமுறை பின்னால் கைவிட்டுப் பார்த்தார். "என் கைக்கு வரல" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். விடுதி அறைப் பேச்சு அதோடு நின்றது. நாற்காலியில் அப்பா, தரையில் நாங்கள், காய் நறுக்கியபடி நிலைப்படியில் அம்மா, பெட்டியின் பின்னால் கையை நீட்டியபடி நின்றுகொண்டு சித்தி. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் ஏற்பாடு அப்படி ஆகிவிட்டது.

அந்த மத்தியானங்கள் இப்போதும் எனக்கு வேண்டும். காசு கொடுத்துக் கிடைத்தால் வாங்கிவிடுவேன். சோகமான இடத்தில் சித்தி மூக்கைத் துடைக்கக் கையை எடுத்துவிடுவாள், வசனம் போய்விடும், எல்லோரும் ஒரே குரலில் "சித்தீ!" என்று கத்துவோம். அவள் சிரித்தால் விரல் நடுங்கும், கதாநாயகன் திக்குவாய் ஆகிவிடுவான். வில்லன் பேசத் தொடங்கினால் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு விரலை எடுப்பாள். அப்பா நாற்காலியிலிருந்து கனைப்பார். உடனே விரல் திரும்பிப் போய்விடும். அப்பாவிடம், "கம்பி வேலை பாக்கறவர்தானே, பிரிச்சுப் பாருங்களேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது, "அது வேற கம்பி" என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டார்.

சித்திக்கு வேறு ஊருக்கு மாற்றலாகும் வரை இப்படியே ஓடியது. பிறகு வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. ஸ்டீரியோ வயலினுக்கென்று ஆகி, அப்புறம் அதற்கும் இல்லாமல் போயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

என் திட்டம் இதுதான். பெட்டியைக் கூடத்தில் வைப்போம். ஏ.எம்.மில் அந்தப் பழைய நிலையம் இன்னும் இருக்கிறது. சித்தி ஒருமுறை தொடுவாள், அது பாடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட ஆள் வேண்டுமே, அவள் எப்படிப் போவாள்? இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்று அது எனக்குப் பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது.

தம்பி சனிக்கிழமை காலையில் வந்தான். பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கி வந்திருந்தான். தோளில் ஒரு பை. பையைத் திறந்து புத்தம் புதுக் கறுப்புக் குச்சி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"என்னடா இது?"

"புது ஏரியல்க்கா. பழசு போயிடுச்சில்ல? மாத்திடலாம்னு கடை கடையா தேடி வாங்கினேன்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதைப் புரிந்துகொண்டேன். சின்ன வயதில் கடிகாரம், தையல் மெஷின், அடுத்த வீட்டுச் சைக்கிள் என்று எதைக் கண்டாலும் கழற்றியதால் இவனுக்கு ஸ்குரூ என்று பெயர். இப்போது காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். ஆனாலும் புத்தி திருப்புளியிலேயே இருக்கிறது. இவனிடம் ஒரு பழுதைக் காட்டிவிட்டு, அதைப் பழுதாகவே விட்டுவிடு என்று எப்படிச் சொல்வது?

அதற்குள் சித்தி அறையிலிருந்து வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்ததும் முகம் விரிந்தது. கிட்டே வந்து மரக்கூட்டைத் தடவினாள். யாரும் சொல்லாமலே அவளுடைய வலது கை பின்பக்கம் போய், பழைய இடத்தில் நின்றது. தம்பி மின்சாரம் கொடுத்தான். நீலப் பலகை ஒளிர்ந்தது. குமிழைத் திருப்பியதும் ஒரு பெண் நிதானமாக நூலகத் திறப்பு விழா ஒன்றைப் பற்றிச் செய்தி வாசித்தாள்.

எனக்கு வாய் காது வரை போய்விட்டது. "பாத்தியா சித்தி, இன்னமும் உன் கைக்குத்தான் பாடுது!"

சித்தியும் சிரித்தாள். செய்தி முடியும் வரை நின்றாள். கால் மாற்றி நின்றாள். பிறகு கையை எடுத்தாள். இரைச்சல் வந்தது.

"ஸ்குரூ, இதை நல்லபடியா சரி பண்ணிடுடா. திங்கட்கிழமைக்கு அப்புறம் யாரு இங்க நின்னு தொட்டுக்கிட்டிருப்பா? பாப்பாவுக்கு இது தானா பாடற மாதிரி பண்ணிக் குடுத்துட்டேன்னா நான் நிம்மதியா போவேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நானேதான். யாரைத் திட்டுவது?

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்த காரியங்கள் ஒரு ஆசிரியை செய்யக்கூடியவை அல்ல. நீட்டிப்பு வயரைக் காணோம் என்றேன். வெளிச்சம் போதாது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். பழைய சாமானில் கை வைத்தால் உள்ளதும் போய்விடும் என்று பயமுறுத்தினேன். தம்பி கை கழுவப் போனபோது அவன் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை எடுத்து, பள்ளிப் பந்துகள் வைத்திருக்கிற வலைப்பைக்குள் திணித்தேன். பத்து நிமிடம் வீடு முழுக்கத் தேடினோம். நானும் கூடவே தேடினேன்.

"உன் பந்துப் பையில ஏதோ பேனா மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, அதுவா?" என்றார் என் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். இந்த மனிதருக்கு வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

தம்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு வேலையைத் தொடங்கினான்.

முதலில் பழைய கரிக்கட்டையைக் கழற்றினான். கீல் விரிசல் விட்டிருந்தது, குச்சி முழுசாக இருந்தது. அதன் மேல் சுற்றியிருந்த காயிலில் மீட்டரை வைத்துப் பார்த்தான். "இது செத்துப்போகலையேக்கா, நல்லா உயிரோட இருக்கு" என்று ஆச்சரியப்பட்டான். அப்படியானால் கோளாறு எங்கே என்று, குச்சியிலிருந்து பெட்டிக்குள் போகிற மெல்லிய கம்பிகளை இலேசாக இழுத்துப் பார்த்தான். மூன்று கம்பிகள் அசையவில்லை. நான்காவது, எலிவால் போல வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

அதன் நுனியில் ஒரு சின்னக் கட்டு இருந்தது.

தம்பி மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளே, கம்பி நுழைகிற துவாரத்துக்குப் பக்கத்திலேயே, அந்தக் கம்பியின் மறுபாதி ஒரு சின்ன உலோகத் தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதன் நுனியிலும் அதே கட்டு. பருத்தி நாடா, பாதி மேல் பாதி ஏறும்படி நெருக்கமாகச் சுற்றி, முடிச்சு வெளியே தெரியாமல் உள்ளே செருகி, மேலே பழுப்பு வார்னிஷ் பூசியிருந்தது.

"அப்பா" என்றான் தம்பி. நானும் அதையேதான் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அந்தக் கட்டைத் தெரியாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டுக் குடைப்பிடி, துடைப்பக் கட்டை, என் ஸ்கிப்பிங் கயிற்றின் இரண்டு நுனிகள் எல்லாவற்றிலும் அந்த நாடாவும் வார்னிஷும் இருந்தன. உடைந்த எதையும் அப்பா அப்படித்தான் கட்டுவார். விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இனி ஒண்ணும் ஆகாது" என்பார்.

"அவர் எப்படா இதைத் திறந்தாரு? அது வேற கம்பின்னு சொன்ன மனுஷன்" என்றேன்.

சித்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, அதை வெட்டினது அக்கா" என்றாள்.

"அம்மாவா?"

"துணி வெட்டற கத்தரிக்கோலால. ஏரியலைத் தொட்டா நம்ம உடம்பே ஏரியலாயிடும்னு எக்ஸ்சேஞ்ச் மெக்கானிக் சொன்னதை நான் ஒரு நாள் பேச்சுவாக்குல அவகிட்ட சொல்லிவெச்சேன். விடுதியில ரூம் காலின்னு தகவல் வந்ததும் என்னைப் பின்னாடி கூட்டிட்டுப் போனா. 'விளக்கைப் பிடிடி'ன்னா. பிடிச்சேன். ஒரே நறுக்கு. 'அவருக்கு நாடகம் இல்லாம இருக்க முடியாது, நீ இல்லாம நாடகம் கேக்காது, இனி உன்னை எப்படி அனுப்புவாருன்னு பாக்கறேன்'னு சொன்னா." சித்தி மூச்சு வாங்கினாள். "எனக்கும் போக இஷ்டமில்லடா. அந்த விடுதியை நெனச்சாலே பயமா இருந்துச்சு. அதனால வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அத்தானை ஏமாத்தித் தின்ன சோறு அது. அந்தக் கடனை இன்னிவரைக்கும் கழிச்சுக்கிட்டே இருக்கேன்."

பல வருடங்களாக எனக்குப் புரியாமலிருந்த சித்தி எனக்கு அப்போது புரிந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் துடைப்பத்தைத் தேடுகிறவள். காய்ச்சலில் படுத்துக்கொண்டே துணி மடித்தவள். என் மகள் போன மறுவாரமே பெட்டியை இறக்கியவள்.

தம்பி இரண்டு நுனிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சித்தி, வெட்டினது அம்மா, சரி. கட்டினது அப்பாதானே? இதைப் பாரு. ரெண்டு நுனியையும் சேர்த்து முறுக்கியிருந்தா அன்னைக்கே பாடியிருக்கும். அப்பாவுக்கு அது அரை நிமிஷ வேலை. அவர் சேர்க்கல. தனித்தனியா கட்டி, வார்னிஷ் பூசி, ஒண்ணு வெளியே ஒண்ணு உள்ளேன்னு பிரிச்சு வெச்சிருக்காரு. தப்பித்தவறிக்கூட ஒண்ணோட ஒண்ணு பட்டுடக் கூடாதுன்னு."

சித்தி புரியாதவள் போல அவனைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியும் சித்தி. ஆரம்பத்திலேயே தெரிஞ்சிருக்கு."

நான் பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தேன். சித்தி தொடும் ஏரியல் திருகுக்குப் பக்கத்திலேயே, ஒட்டினாற்போல் இன்னொரு திருகு. "இது என்னடா?"

"எர்த்து. அதைத் தொட்டா ஒண்ணும் வராது."

"அன்னைக்கு அப்பா தொட்டுப் பாத்துட்டு என் கைக்கு வரலன்னாரே."

"வராதுதான், இதைத் தொட்டா" என்றான் தம்பி.

கண்ணால் பார்க்காமலே கம்பி சுற்றிப் பழகிய விரல்கள் அப்பாவுடையவை. வேண்டுமென்றே தொட்டாலொழிய, இருட்டில் கூட அவை தவறான திருகைத் தொடா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து, நாடகத்துக்கு அழுதிருக்கிறார் எங்கள் அப்பா. எனக்கு அவர் மேல் வந்த பாசத்துக்கு அளவே இல்லை. அப்போதே அவர் எதிரில் இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். அவர் கனைத்துக்கொண்டு விலகியிருப்பார்.

சித்தி அந்த எலிவாலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கட்டைக் கட்டைவிரலால் நீவினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"என்ன மனுஷன் இவரு!" என்றாள். நான் அவளிடம் கேட்டே இராத குரல். "தெரிஞ்சா சொல்லக் கூடாதா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் திருடி மாதிரி நின்னேனே! அவர் ஒரு கனைப்பு கனைச்சா தெரிஞ்சுபோச்சோன்னு அவசரமா விரலை வெப்பேனே! 'நீ இங்கேயே இரும்மா'ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்? அவ என்னடான்னா கத்தரிக்கோலை எடுக்கறா, இவர் என்னடான்னா நாடா சுத்தறாரு. ஒருத்தருக்காவது வாய் இருந்துச்சா அந்த வீட்டுல? எனக்கும்தான் இருந்துச்சா? நானும் ஒரு வார்த்தை கேட்டேனா?"

பிறகுதான் அழுதாள். நன்றாக, சத்தமாக, மூக்கைத் துடைக்க இரண்டு கைகளையும் பயன்படுத்தி அழுதாள். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பியின் அயர்ன் சூடாகிவிட்டது. நுனியில் ஈயத்தைத் தொட்டுப் பார்த்தான், உருகியது. என்னைப் பார்த்தான். பந்துப் பையை இவன் மறக்கவில்லை.

"அக்கா, நீ சொல்லு. சேர்க்கவா, வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. சித்தி கையை நீட்டி நிற்க, நான் கேட்க, திங்கட்கிழமை வராமலே போய்விடாதா என்ற அந்தப் பழைய ஆசை. ஆனால் சித்தி அப்போதுதான் திட்டி முடித்திருந்தாள். அவள் திட்டிய வீட்டில்தான் நான் வளர்ந்தேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன்.

"சேர்த்துடு" என்றேன்.

சுலபமான வேலையாக இல்லை. அந்தக் கம்பி தலைமுடி போன்ற பல இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழைக்கும் மேலே பூச்சு உண்டு, அதைச் சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டாது. தம்பி கட்டுகளைப் பிரிக்க மனமில்லாமல், அவற்றுக்குச் சற்று மேலே கம்பியைப் பிளேடால் சுரண்டினான். இரண்டு முறை இழை அறுந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். சித்தியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனுக்கு டார்ச் பிடித்தாள். கடைசியில் ஒரு துளி ஈயம் பளபளப்பாக உட்கார்ந்தது.

யாரும் தொடாமலே பெட்டி பேசியது. ஒரு ஆண் குரல் மழை வருமா வராதா என்று சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. துல்லியமாக இருந்தது. சித்தியின் விரலோடு கேட்டதைவிட எத்தனையோ மடங்கு துல்லியம். சித்தி மடியில் கைகளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நல்லா கேக்குதுடா" என்றாள். "இனிமே யாரும் தொட வேண்டாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து உறையில் போட்டாள். "மிச்சத் துணியையும் அடுக்கிடறேன்" என்று எழுந்து அறைப் பக்கம் நடந்தாள்.

நான் ஓடிப் போய் அறை வாசலில் குறுக்கே நின்றேன். ஓடியதில் மூச்சு வாங்கவில்லை, சொல்ல வேண்டியதை நினைத்து வாங்கியது.

"சித்தி, போகாதே."

"என்ன பாப்பா?"

"போகாதேன்னு சொல்றேன்."

"எதுக்கு? இங்க எனக்கு என்ன வேலை இருக்கு?"

"ஒரு வேலையும் இல்ல. குழந்தை இல்ல, ரேடியோ தானா பாடுது, துணி துவைக்க மெஷின் இருக்கு. இந்த வீட்டுல உனக்கு ஒரு வேலையும் கிடையாது. இனிமே குடுக்கவும் மாட்டேன்." என் குரல் மைதானத்துக் குரலாகிவிட்டது. அடக்க முடியவில்லை. "எனக்கு நீ வேணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நீ இருக்கணும். நீ போனா எனக்குத் தாங்காது. ஏமாத்திக் கேக்கல, நேரா கேக்கறேன். இரு."

கூடத்தில் தம்பி எதையோ கீழே போட்டான். வானொலிக்காரர் மழையை விட்டுக் காற்றுக்குப் போயிருந்தார். சித்தி என் முகத்தையே பார்த்தாள். நான் பாப்பாவாக இருந்தபோது ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி. பிறகு என் கன்னத்தைத் தட்டி, என்னை வழியிலிருந்து நகர்த்தி, உள்ளே போனாள்.

அறையில் அவள் போனை எடுத்து எண் அழுத்துவது கேட்டது. கதவைச் சாத்தவில்லை. வேலையை விட்டு எத்தனையோ காலமாகியும் எக்ஸ்சேஞ்ச் குரல் அப்படியே வந்தது, ஒவ்வொரு எழுத்தும் தனியாக.

"வணக்கம்மா. திங்கட்கிழமை வர்றதா ரூம் சொல்லியிருந்தேன்ல, அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. பணமும் பிரச்சினையில்ல. வீட்டுல விட மாட்டேங்கறாங்க."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று தெரியவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் சித்தி இன்னும் கொஞ்சம் உரக்க, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, மறுபடியும் சொன்னாள்.

"வீட்டுல என்னை விட மாட்டேங்கறாங்கம்மா."